காரோட சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையானா கம்மி செலவுல சரி பண்றது எப்படி

பத்து வருஷத்தைத் தாண்டின ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார் வச்சிருக்கவங்க, அதுலயும் திருவொற்றியூர், பெசன்ட் நகர், நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல வண்டிய வெயில்லயும் மழையிலயும் நிறுத்துறவங்களுக்கு ஒரு நாள் இந்த பிரச்சனை வந்தே தீரும். ஆக்சிலரேட்டர மிதிச்சா கீழ இருந்து டர்ருன்னு சத்தம், கொஞ்ச நாள்ல தெருவே திரும்பிப் பாக்குற அளவுக்கு ஆயிடும். பட்டறைக்கு போனா "சைலன்சர் ஃபுல்லா போச்சு சார், செட்டாவே மாத்திடலாம்"னு சொல்லுவாங்க. பெரும்பாலான வண்டிக்கு செட்டா மாத்த வேண்டிய அவசியமே இருக்காது. ஓட்டை எந்த இடத்துல விழுந்திருக்கு, அது ஒண்ணுதான் எவ்வளவு செலவு பண்ணனும்னு முடிவு பண்ணனும். முன்பாதியில, அதாவது இன்ஜின் பக்கம், ஓட்டைன்னா சிக்கனம் பாக்காதீங்க, பின்பாதியில ஓட்டைன்னா அவசரப்பட்டு காசக் கொட்டாதீங்க.

நாம பொதுவா எல்லாத்தையும் சேர்த்து சைலன்சர்னு சொல்லிடறோம், ஆனா அது நாலஞ்சு துண்டு. இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற இடம் மேனிஃபோல்டு, அதுக்கு பக்கத்துலயோ கொஞ்சம் கீழயோ புகைல இருக்கற விஷ வாயுவ குறைக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (பட்டறைல சுருக்கமா கேட்டுன்னு சொல்லுவாங்க), அதுக்கு முன்னயும் பின்னயும் புகைல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குற ஆக்சிஜன் சென்சார், நிறைய வண்டில அதுக்கப்புறம் பின்னல் கம்பி சுத்தின ஃபிளெக்சிபிள் பெல்லோ, அப்புறம் நடு பைப்பு, சில வண்டில நடுவுல ஒரு சின்ன டப்பா, கடைசியா பம்பருக்கு அடியில பெரிய டப்பா, அதோட டெயில் பைப்பு. மேனிஃபோல்டு இன்ஜின்லயே போல்டு போட்டிருக்கும், பின்னாடி பாகமெல்லாம் ரப்பர் வளையத்துலதான் தொங்கிட்டு இருக்கு. பெரும்பாலும் ஒவ்வொண்ணும் போல்டு போட்டோ கிளாம்பு போட்டோ சேர்த்தது, அதனால ஒண்ண மட்டும் கழட்டி மாத்தலாம். சில மாடல்ல நடு பைப்பும் பின் டப்பாவும் ஒரே பீஸா வரும், அப்பவும் நடுவுல அறுத்து பின் டப்பாவ மட்டும் வெல்டு பண்ணிக்கலாம்.

துரு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா எந்த பாகம் முதல்ல போகும்னு தானா புரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. முன்னாடி பைப்பு நல்ல சூட்டுல இருக்கறதால அங்க தண்ணி தங்காது. பின் டப்பா சூடாக நேரம் ஆகும், அதனால காய்கறி வாங்க, பிள்ளைய ஸ்கூல்ல விடன்னு ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுற வண்டில அந்த ஆவி டப்பாக்குள்ளயே தண்ணியா நின்னுடும். புகைல இருக்கற கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அதுல கலந்து லேசான ஆசிட் ஆகி, உள்ள இருந்து அடித்தகட்ட அரிச்சுக்கிட்டே வரும். இப்ப 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) பெட்ரோல்ல கந்தகம் 10 பிபிஎம்முக்கு குறைஞ்சது நல்ல விஷயம்தான், ஆனா தண்ணி தண்ணிதானே. அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை பைபாஸ்ல ஓடுற வண்டிய விட வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போற வண்டில சைலன்சர் சீக்கிரம் போகுது. காலைல டெயில் பைப்புல சொட்டு சொட்டா தண்ணி வந்தா பயப்படாதீங்க, அது இதுதான். பல டப்பாவோட அடியில ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல கம்பெனிக்காரங்களே ஒரு ஓட்டை வச்சிருப்பாங்க, தண்ணி வடியறதுக்கு. அத ஓட்டைன்னு நினைச்சு யாராவது அடைச்சுட்டா அந்த டப்பாவோட ஆயுசு குறையும், பட்டறைல அடைக்க வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. வெள்ளத் தண்ணில நின்ன வண்டிக்கும் இதே கதைதான், 2015 டிசம்பர்லயும் 2023ல மிக்ஜாம் புயலப்பவும் சென்னைல முழுகின வண்டிங்கள்ல உள்ள போன சேறும் தண்ணியும் அங்கயே தங்கியிருந்தா பின் டப்பா ரொம்ப நாள் தாங்காது.

இப்ப ஓட்டைய கண்டுபிடிக்கறது. வண்டி ராத்திரி பூரா நின்னு நல்லா ஆறி இருக்கற காலை நேரம்தான் சரியான நேரம், ஏன்னா சூடான பைப்பு தொட்டா தோல் உரிஞ்சிடும், அதோட சின்ன வெடிப்பு சூட்டுல விரிஞ்சு மூடிக்கும், அப்ப சத்தமே வராது. வெட்டவெளில நிறுத்தி வீட்ல ஒருத்தர ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தடிமனான ஈரத்துணிய டெயில் பைப்பு வாயில ஒரு சில செகண்டு அழுத்திப் பிடிங்க, புகை வேற வழி இல்லாம ஓட்டை வழியா உஸ்ஸுன்னு வரும். சத்தம் எந்த பக்கம்னு கேட்டுட்டு உடனே ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தா லீக் இருக்கற இடத்துல கறுப்பா கரி படிஞ்சிருக்கும். வீட்ல ஊதுற வசதி உள்ள வாக்குவம் கிளீனர் இருந்தா இன்னும் நல்லது, இன்ஜின ஓட்டவே வேண்டாம், டெயில் பைப்புல காத்த ஊத விட்டு ஜாயின்ட் ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி காட்டிக் குடுத்துடும். கடைசியா ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால டப்பாவ தட்டிக்கிட்டே வாங்க, நல்ல தகடு டங்குன்னும் அரிச்ச தகடு சொத்துன்னும் சத்தம் குடுக்கும். முனையால குத்தினா உள்ள இறங்குதுன்னா அந்த இடம் முடிஞ்சதுன்னு அர்த்தம். மேல மட்டும் பழுப்பா துரு படர்ந்திருந்து தகடு கெட்டியா இருந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம், விட்டுடுங்க.

இன்னொரு விஷயம், கடகடன்னு தகரம் ஆடுற சத்தம் வேற, டர்ருன்னு புகை சத்தம் வேற. பைப்புக்கு மேல சூட்டை தடுக்க ஒரு மெல்லிசான ஹீட் ஷீல்டு தகடு இருக்கும், அதோட வெல்டு துருப்பிடிச்சு விட்டுப் போனா பயங்கரமா அதிரும், இதுக்குப் போய் சைலன்சரையே மாத்தினவங்க உண்டு. பெரிய சைஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பு ஒண்ணு வாங்கி ஷீல்டையும் பைப்பையும் சேர்த்து சுத்தி இறுக்கினா முடிஞ்சது, ஹார்டுவேர் கடைல நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கற சாமான். ஷீல்ட கழட்டி தூக்கிப் போட்டுடாதீங்க, அது பெட்ரோல் டேங்குக்கும் காஞ்ச புல்லுக்கும் சூடு போகாம காக்குற தகடு.

அடியில படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்துல விளையாடவே கூடாது. ஒண்ணு, வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஆக்சில் ஸ்டாண்டு ரெண்டு போட்டு வண்டிய ஆட்டிப் பாத்துட்டுதான் போகணும். ஸ்டாண்டு இல்லன்னா இந்த வேலைய வீட்ல பண்ணாதீங்க, பிட்டு (வண்டிக்கு அடியில நின்னு வேலை பாக்குற குழி) இருக்கற பட்டறைக்கு போங்க. ரெண்டாவது கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜின ஓட்டினா ஆளக் கொல்லும். சைலன்சர் லீக் இருக்கற வண்டில போகும்போது தலைவலி, தலைசுத்தல், குமட்டல் வந்தா உடனே ஓரங்கட்டி எல்லாரும் கீழ இறங்குங்க, அதுக்கப்புறம் அந்த வண்டிய சரி பண்ணாம ஓட்டாதீங்க. ஏசி போட்டு நிறுத்தின வண்டில குழந்தைங்கள தூங்க வைக்கிற பழக்கம் எந்த வண்டிலயும் ஆபத்து, லீக் உள்ள வண்டில ரொம்ப ரொம்ப ஆபத்து.

அதனாலதான் முன்பாதி விஷயத்துல சிக்கனம் கூடாதுன்னு சொன்னேன். டிரைவர் சீட்டுக்கு கீழயோ அதுக்கு முன்னாடியோ லீக் இருந்தா புகை நேரா கேபினுக்குள்ள வர வழி இருக்கு. அதோட ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி ஓட்டை இருந்தா வெளிக் காத்து உள்ள இழுத்து, சென்சார் "பெட்ரோல் பத்தல"ன்னு தப்பா சொல்லும், இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் (ஈசியூ) இன்னும் அதிகமா பெட்ரோல் ஊத்தும், மைலேஜ் விழும், செக் இன்ஜின் லைட்டு எரியும், நாளாக ஆக நல்லா இருந்த கேட்டும் கெட்டுப் போகும். சில நூறு ரூபா கேஸ்கெட்டுல (ஜாயின்ட்டுல புகை கசியாம நடுவுல வைக்கிறது) முடிஞ்சிருக்க வேண்டியது பல ஆயிரத்துல போய் நிக்கும். ஸ்டார்ட் பண்ண உடனே டிக்டிக்குன்னு சத்தம் வந்து, சூடான உடனே நின்னுடுதுன்னா மேனிஃபோல்டு கேஸ்கெட்டோ வெடிப்போன்னு முதல்ல சந்தேகப்படுங்க. இந்த இடத்துல பேஸ்ட்டு, டேப்பு எதுவும் வேலைக்கு ஆகாது, கேஸ்கெட் புதுசு போடறதுதான் வழி, வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டு வெடிச்சிருந்தா வெல்டு நிக்கறது சந்தேகம், பழைய வண்டில இருந்து கழட்டின நல்ல மேனிஃபோல்டு வாங்கிப் போடலாம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், இங்கதான் ஜனங்க அதிகமா ஏமாறுறாங்க. அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை உயர்ந்த உலோகம் பூசின தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கு, அதனால கெட்டுப் போன கேட்டுக்கு கூட பழைய சாமான் கடைல நல்ல விலை. சில பட்டறைல "கேட்டு அடைச்சிருக்கு, எடுத்துட்டு நேர் பைப்பு போட்டா பிக்கப் கிடைக்கும்"னு சொல்லி கழட்டி வச்சுக்குவாங்க. ஒத்துக்காதீங்க. வண்டி புகை பரிசோதனைல தேறாம போகலாம், சட்டப்படியும் தப்பு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல காத்து மாசு, சத்தம் இதுக்கு 10,000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு. பெரும்பாலும் துருப்பிடிக்கறது கேட்டோட உடம்பு இல்ல, அதோட ரெண்டு பக்கமும் இருக்கற ஃபிளான்ஜும் (பைப்பு முனைல போல்டு போடற தட்டையான தகடு) குட்டி பைப்பும்தான். அந்தத் துண்ட மட்டும் அறுத்து புதுசு வெல்டு பண்ணா கேட்டு அப்படியே ஓடும். கழட்டும்போது சுத்தியலால ஓங்கி அடிக்க விடாதீங்க, உள்ள பீங்கான் நொறுங்கிடும். ஒருவேளை நிஜமாவே மாத்த வேண்டி வந்தா பழைய பீஸ கையோட வாங்கிக்கங்க, அதோட ஸ்கிராப் விலைய பில்லுல கழிக்கச் சொல்லுங்க. பிஎஸ்6 டீசல் வண்டில புகைக் கரிய பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டரும் அதோட சென்சாரும் சேர்ந்து வருது, அந்தப் பகுதிய தெருவோர வெல்டிங்ல காட்டாதீங்க.

ஃபிளெக்சிபிள் பெல்லோ கிழிஞ்சிருந்தா சந்தோஷப்படுங்க, இது கம்மில முடியற வேலை. கம்பெனில இத தனியா தர மாட்டாங்க, முன் பைப்போட சேர்த்துதான்னு சொல்லுவாங்க, ஆனா வெளிய கடைல பெல்லோ மட்டும் தனியா கிடைக்கும். உள் விட்டமும் நீளமும் பழசுக்கு சமமா இருக்கணும், நீளம் குறைஞ்சதைப் போட்டா இன்ஜின் ஆடும்போது ஜாயின்ட்ட பிச்சுக்கிட்டு வந்துடும். போடறதுக்கு முன்னாடி இன்ஜின் மவுன்ட்டு ரப்பரையும் பாருங்க, அது உக்காந்து போயிருந்தா புது பெல்லோவும் கொஞ்ச நாள்ல கிழியும்.

போல்ட கழட்டறதுதான் உண்மையான வேலை. முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டுலயும் டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்கி அடிச்சு விடுங்க, காலைல இன்னொரு தடவை அடிங்க. மரையில இருக்கற துருவ கம்பி பிரஷ்ஷால தேச்சுட்டு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்க, பன்னெண்டு முனை ஸ்பேனர் வழுக்கி நட்ட உருண்டையாக்கிடும். எடுத்த எடுப்புல கழட்டாதீங்க, முதல்ல லேசா இறுக்கற பக்கம் அசைச்சு துருவ உடைச்சுட்டு அப்புறம் கழட்டற பக்கம், மறுபடி கொஞ்சம் இறுக்கி மறுபடி கழட்டி, இப்படியே பொறுமையா கொண்டு வரணும். வரலைன்னா நடு, பின் ஜாயின்ட்டுல யோசிக்காம கிரைண்டர்ல நட்ட அறுத்துடுங்க, புது போல்டு சில ரூபாதான். ஆனா இன்ஜின் ஹெட்டுல இருந்து வர்ற மேனிஃபோல்டு ஸ்டட்டுகிட்ட (தலை இல்லாத போல்டு) பலத்தக் காட்டாதீங்க, அது உள்ள உடைஞ்சா டிரில் போட்டு எடுக்கற வேலை பெரிய செலவு, அங்க மட்டும் கேஸ் சூடு காட்டத் தெரிஞ்ச மெக்கானிக் கைல விடறதுதான் லாபம். ஃபிளான்ஜ் தகடே அரிச்சுப் போயிருந்தா லேத் பட்டறைல ரெண்டு பாதியா புது ஃபிளான்ஜ் வெட்டித் தருவாங்க, பைப்போட கழுத்து விளிம்பு நல்லா இருந்தா அதுக்குப் பின்னாடி ரெண்டு பாதியையும் கவ்விப் போட்டு போல்டு பண்ணிடலாம், பைப்ப மாத்தவே வேண்டாம்.

பின்பாதில பைப்புல ஓட்டைன்னா வழி சுலபம். சுத்தியும் நல்ல தகடு வர்ற வரைக்கும் துருவ கிரைண்டர்ல தேச்சு எடுத்துட்டு, ஓட்டைய விட ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் பெருசா 16 அல்லது 18 கேஜ் தகட வளைச்சு மேல வச்சு வெல்டு பண்ணணும். அரிச்ச தகட்டு மேலயே நேரா வெல்டு வச்சா ஓட்டை பெருசாகிக்கிட்டே போகும், அத பண்ற பட்டறைல வண்டிய விடாதீங்க. மெல்லிசான பைப்புக்கு ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுடும், சிஓடூ வெல்டிங்னு சொல்ற மிக் மெஷின் இருக்கற இடமா பாருங்க, இல்லன்னா கேஸ் வெல்டிங். வண்டிலயே வச்சு வெல்டு பண்றதா இருந்தா பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிடணும், எர்த் கிளிப்ப வெல்டு வைக்கிற இடத்துக்கு பக்கத்துலயே போடணும், பெட்ரோல் டேங்கு, பியூயல் லைன் பக்கத்துல பொறி பறக்கவே கூடாது. என்னக் கேட்டா கழட்டி தரைல போட்டு வெல்டு பண்றதுதான் நல்லது, சிஎன்ஜி, எல்பிஜி வண்டின்னா கட்டாயம் அப்படித்தான். தண்ணி பைப்பு போடற ஜிஐ குழாய வெட்டி சேர்க்க வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, அதோட துத்தநாகப் பூச்சு எரியற புகை வெல்டருக்கு காய்ச்சலையே கொண்டு வரும்.

வெல்டிங் வசதி இல்லாத ஊர்ல மாட்டிக்கிட்டா, சம்பளம் வர்ற வரைக்கும் ஓட்டியாகணும்னா, நேர் பைப்புல இருக்கற சின்ன ஓட்டைக்கு ஒரு தற்காலிக வழி இருக்கு. உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு, எக்ஸாஸ்ட் பேஸ்ட்ட பூசி, மேல மெல்லிசான டின் தகட ரெண்டு சுத்து சுத்தி, ரெண்டு முனையிலயும் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பு போட்டு இறுக்குங்க. இன்ஜின பத்து நிமிஷம் ஐடில்ல விட்டா பேஸ்ட்டு கெட்டியாகும். சில மாசம் தாங்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. சாதாரண எபாக்ஸி புட்டி, இன்சுலேஷன் டேப்பு, சிவப்பு சிலிக்கான் இதெல்லாம் இந்த சூட்டுக்கு எரிஞ்சு நாறும், காசு வேஸ்ட்டு.

பின் டப்பா அடித்தகடே அரிச்சுப் போச்சுன்னா ஒட்டு போட்டு பிரயோஜனம் இல்ல, ஒரு பக்கம் அடைச்சா அடுத்த மாசம் பக்கத்துல பொத்துக்கும், டப்பாவ மட்டும் புதுசா வாங்கிடுங்க. கம்பெனி பீஸ் விலைய முதல்ல கேட்டு வச்சுக்கிட்டு அப்புறம் வெளி மார்க்கெட்ல விசாரிங்க, சென்னைல ஜிபி ரோடு, புதுப்பேட்டை ரெண்டுலயும் சின்ன கார்களுக்கு வெளி கம்பெனி சைலன்சர் கிடைக்கும், விலைல நல்ல வித்தியாசம் இருக்கும். புதுப்பேட்டைல பழசு கழட்டினதும் கிடைக்கும், ஆனா பழைய பின் டப்பா வாங்கறதுக்கு நான் எதிரி. வெளிய பளபளன்னு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, உள்ள எவ்வளவு அரிச்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. மேனிஃபோல்டு, பிராக்கெட்டு, ஹீட் ஷீல்டு இந்த மாதிரி கெட்டியான சாமான் பழசு வாங்கலாம். புது டப்பாலயும் கைல தூக்கிப் பாருங்க, கம்பெனி பீஸ விட ரொம்ப லேசா இருந்தா தகடு மெல்லிசு. அலுமினியம் பூசின தகடுன்னா சாதா இரும்ப விட நாள் தாங்கும், கடலோர ஊருக்கு ஸ்டெயின்லெஸ் கிடைச்சா ரொம்ப நல்லது. காந்தம் ஒட்டுது, அப்ப ஸ்டெயின்லெஸ் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, சைலன்சருக்கு போடற 409 கிரேடு ஸ்டெயின்லெஸ்ல காந்தம் ஒட்டும், 304லதான் ஒட்டாது.

மாடலுக்குன்னே டப்பா கிடைக்கலைன்னா பொது டப்பா வாங்கி பைப்பு மட்டும் சேர்த்துக்கலாம். பைப்ப அளக்க வெர்னியர் எல்லாம் வேண்டாம், ஒரு நூல சுத்தி நீளத்த 3.14ல வகுத்தா வெளி விட்டம் வந்துடும், நூல் 132 மில்லிமீட்டர் வந்தா பைப்பு 42. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகற ஜாயின்ட்டுல இன்ஜின் பக்கத்துல இருந்து வர்ற பைப்பு உள்ளயும் பின்னாடி போற பைப்பு வெளியயும் இருக்கணும், ஒண்ணரை ரெண்டு இஞ்ச் உள்ள போகணும், மேல யூ கிளாம்பு.

மாட்டும்போது ரப்பர் வளையம், கேஸ்கெட், போல்டு மூணும் புதுசு போடுங்க, பழைய ரப்பர் வெடிச்சிருந்தா எடை பூரா ஜாயின்ட்டு மேல விழுந்து அடுத்த ஓட்டைக்கு வழி பண்ணும். ரப்பர் ஏற மறுத்தா சோப்புத் தண்ணி தடவுங்க, கிரீஸ் வேண்டாம். எல்லாத்தையும் முதல்ல லூசா மாட்டி, பைப்பு பிரேக் ஹோஸ், பியூயல் லைன், பம்பர் எதையும் தொடாம நடுவுல தொங்குதான்னு பாத்துட்டு, அப்புறம் முன்னாடி இருந்து பின்னாடி வரிசையா இறுக்குங்க. டெயில் பைப்பு வாய் பம்பர தாண்டி வெளிய வரணும், உள்ளயே நின்னா புகை டிக்கி வழியா கேபினுக்குள்ள ஏறும். போல்டு மரைல காப்பர் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம காக்குற பசை) தடவி விட்டா அடுத்த தடவை கழட்டறவர் உங்கள வாழ்த்துவார். வெல்டு வச்ச இடம் முதல்ல துருப்பிடிக்கற இடம், அதனால ஆறின உடனே தேச்சு 600 டிகிரி தாங்கற சில்வர் பெயின்ட் ரெண்டு கோட்டு அடிங்க.

முடிச்ச அன்னிக்கே பழையபடி துணி வச்சு லீக் பாருங்க, ஒரு நூறு கிலோமீட்டர் ஓடின அப்புறம் வண்டி ஆறின நேரத்துல எல்லா போல்டையும் கிளாம்பையும் இன்னொரு தடவை இறுக்கிடுங்க, சூடாகி ஆறி ஆறி கேஸ்கெட் உக்காரும்போது கட்டாயம் கொஞ்சம் லூஸ் குடுக்கும். அதுக்கப்புறம் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிக்காம ஓட்டி டப்பாவ நல்லா சூடாக்கி உள்ள தண்ணிய விரட்டுங்க, மழைக்காலத்துல தண்ணில போய்ட்டு வந்தா அன்னிக்கே அடிப்பக்கத்த நல்ல தண்ணி ஊத்தி கழுவிடுங்க.